இருட்டில் எடுத்த படத்தில் மணலைத் தூவியது யார்?

தங்கை மகன் ஒரு சனிக்கிழமை காலையில் வந்து மேசைமேல் விளம்பரத் தாள் ஒன்றை விரித்தான். புதுக் கேமரா, கூடவே ஒரு லென்ஸ். விலை 11,000 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. தவணைக்குக் கொடுக்கக் கடைக்காரர் தயார். இவனுக்குத் தேவைப்பட்டது பொறுப்பேற்று ஒரு கையெழுத்து. அதற்குத்தான் மாமா.

பையன் வார நாட்களில் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறான். வார இறுதியில் கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் என்று படமெடுக்கப் போவான். மூன்று வாரத்துக்கு முன் கோயில் மண்டபம் ஒன்றில் மாலைக் கல்யாணம். படங்களைப் பார்த்த பெண்ணின் தாயார், "தாலி கட்டுற படமே மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு தம்பி" என்று சொல்லி, தரவேண்டிய மீதி 900 வெள்ளியை நிறுத்திவிட்டார்.

"கேமரா பழசாயிருச்சு மாமா. பத்து வருசமாச்சு. இருட்டுல தாங்க மாட்டேங்குது."

"கையெழுத்து இருக்கட்டும். முதல்ல அந்த மணலக் காட்டு" என்றேன்.

காட்டினான். அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. மணமகளின் கன்னத்தில், கூந்தலில், மாப்பிள்ளையின் கழுத்து நிழலில் எல்லாம் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள். மணலுக்குப் பயந்து கேமரா தானே கொஞ்சம் மெழுகியும் விட்டிருந்தது. பட்டுப்புடவையின் சரிகை வெறும் மஞ்சள் சாயமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை படிக்கும் வீடுகளில் பாதிக்காவது இந்த அனுபவம் இருக்கும். பகலில் பளிச்சென்று எடுக்கும் கருவி, இரவில் கோயிலுக்குள் போனதும் சொதப்பிவிடும். உடனே "கேமரா சரியில்லை" என்போம். கடைக்காரரும் அதையே சொல்வார். அவர் பிழைப்பு அது. ஆனால் மணலில் எவ்வளவு கேமராவின் குற்றம், எவ்வளவு வெளிச்சத்தின் குற்றம், எவ்வளவு நம் கையின் குற்றம் என்று பிரித்துப் பார்க்காமல் 11,000 வெள்ளிக் கடனில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

படக்காரர்கள் இந்த மணலை 'நாய்ஸ்' என்கிறார்கள். இரைச்சல். கண்ணால் பார்க்கும் ஒன்றுக்குக் காதின் சொல் எதற்கு என்று தோன்றும். பழைய வானொலிப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தூரத்து நிலையத்தின் பாட்டு மெலிதாக வரும். கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டினால் பாட்டும் கூடும், கரகரப்பும் சேர்ந்து கூடும். இருட்டில் எடுக்கும் படத்திலும் நடப்பது அதுவே.

மங்கும் மழையும்

நான் பிறந்தது ரப்பர்த் தோட்டத்தில். அப்பா மரம் வெட்டுவார். வெட்டு முடிந்து பால் எடுப்பதற்குள் மழை வந்தால் அன்றைய பால் போச்சு. அப்பாவுக்கு வயிற்றெரிச்சல், எங்களுக்கு வேடிக்கை. மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் மங்குகளில் மழைச்சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

கேமராவின் சென்சார் கிட்டத்தட்ட அப்படியொரு தோட்டம். கோடிக்கணக்கான மங்குகளை நெருக்கமாக வரிசையில் அடுக்கியதுபோல. மழைக்குப் பதில் ஒளி விழுகிறது. ஒளியும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, தொடர்ந்த தாரையாக அல்ல. அந்தச் சொட்டுக்கு ஒளித்துகள் என்று பெயர், ஆங்கிலத்தில் ஃபோட்டான்.

தூறல் தொடங்கிய முதல் சில நொடிகளில் பக்கத்துப் பக்கத்து மங்குகளை எண்ணிப் பார்த்தால் ஒன்றில் ஐந்து சொட்டு இருக்கும், அடுத்ததில் பதினொன்று, அதற்கடுத்ததில் எட்டு. மழை ஓரவஞ்சனை செய்யவில்லை. எதேச்சையாக விழும் எதுவும் அப்படித்தான் விழும். ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தபின் பார்த்தால் எல்லா மங்கும் ஏறத்தாழ ஒரே அளவு.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. சராசரி எவ்வளவோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும். சராசரி 10,000 துகள் என்றால் ஏற்ற இறக்கம் 100. அதாவது நூற்றுக்கு ஒன்று, கண்ணுக்குத் தெரியாது. சராசரி 100 என்றால் ஏற்ற இறக்கம் 10. நூற்றுக்குப் பத்து, மணல் தெரிய ஆரம்பிக்கும். சராசரி 9 என்றால் ஏற்ற இறக்கம் 3. மூன்றில் ஒரு பங்கு! ஒரே நிறச் சுவர்கூடச் சொறிபிடித்ததுபோல் தெரியும்.

இந்த மணல் ஒளியிலேயே இருக்கிறது. எந்தக் கம்பெனி எத்தனை ஆயிரம் வெள்ளிக்கு விற்கும் கேமராவாலும் இதைத் துடைக்க முடியாது. கூடுதல் ஒளியைச் சேகரிப்பது ஒன்றே வழி.

கிராணியின் பங்கு

இரண்டாவது மணல் கருவியுடையது. மங்கில் விழுந்ததை யாராவது அளந்து கணக்கில் எழுத வேண்டுமே. தோட்டத்தில் அந்த வேலை கிராணிக்கு. அவர் அளக்கும்போது ஒவ்வொரு முறையும் பத்துச் சொட்டுக் கூடக் குறைய ஆகிவிடுகிறது என்று வையுங்கள். ஆயிரம் சொட்டு இருந்த மங்குக்கு அது பிழையே இல்லை. இருபதே சொட்டு இருந்த மங்குக்கு அந்தப் பிழை கணக்கையே கெடுத்துவிடும். அதனால்தான் மணல் முகத்தின் வெளிச்சமான பக்கத்தில் அவ்வளவாகத் தெரியாது. நிழலில், கூந்தலில், கறுப்புக் கோட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஐஎஸ்ஓ என்ற எண்ணின் வேலை என்ன? படச்சுருள் காலத்தில் அது சுருளின் வேகத்தைக் குறித்தது. 400 சுருள் வாங்கினால் 36 படமும் 400 தான், நடுவில் மாற்ற முடியாது. டிஜிட்டல் கருவியில் சக்கரத்தைத் திருப்பினால் போதும். இதனால் ஐஎஸ்ஓவைக் கூட்டினால் சென்சாரின் கண் கூர்மையாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூர்மையாவதில்லை. விழுந்த சொட்டு விழுந்ததுதான். வந்த கணக்கை எட்டால், பதினாறால் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. பெருக்கும்போது பிழையும் சேர்ந்து பெருகுகிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இந்தப் பெருக்கல் கடைசி அளவெடுப்புக்கு முன்பே நடப்பதால், பழைய கருவிகளில் ஐஎஸ்ஓவைக் கூட்டுவது கிராணியின் பிழையை ஓரளவு அமுக்கவும் செய்தது. "ஐஎஸ்ஓ கூடினால் மணல் வரும்" என்று பயந்து 400இலேயே இருட்டாக எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கணினியில் வெளிச்சமாக்கினால் இன்னும் கேவலமாக இருக்கும். புதிய கருவிகள் பலவற்றில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பழையது வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க: தேவையான ஐஎஸ்ஓவைப் பயப்படாமல் வையுங்கள்.

இனி, நம் கோயில்களுக்கென்றே உள்ள ஒரு தொல்லை. சென்சாருக்குத் தானாக நிறம் தெரியாது. ஒவ்வொரு மங்கின்மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என ஒரு வண்ணக் கண்ணாடி இருக்கிறது. கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வகுத்த அமைப்பு இது, 1976இல் காப்புரிமை பெற்றது. இன்றும் பெரும்பாலான கேமராக்கள் இதைத்தான் பின்பற்றுகின்றன. குத்துவிளக்கின் ஒளியில் சிவப்பு நிறைய, நீலம் மிகக் கொஞ்சம். படம் முழுக்க மஞ்சளாகத் தெரியக்கூடாது என்று கேமரா நீலத்தை மட்டும் தனியாகப் பலமடங்கு பெருக்குகிறது. ஏற்கெனவே பட்டினி கிடந்த மங்குகளின் கணக்கு அது. விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் நீலத் திட்டுகள் மொய்ப்பது இதனால்தான். கொஞ்சம் மஞ்சளை அப்படியே விட்டுவிட்டால் படமும் தப்பும், விளக்கு விளக்காகவும் தெரியும். கருவறையைக் குழல்விளக்குப் போட்ட மருந்துக்கடைபோல் ஆக்கிவிட வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

1600இலிருந்து 32 இலட்சம் வரை

1999இல் வந்த நிக்கான் டி1, செய்தியாளர்களைப் படச்சுருளிலிருந்து டிஜிட்டலுக்கு இழுத்த கருவிகளில் முக்கியமானது. 2.7 மெகாபிக்சல், சாதாரண ஐஎஸ்ஓ 1600 வரை. அடுத்த ஆண்டு வந்த கேனன் டி30 கருவிக்கும் உச்சம் 1600. 2003இல் கேனன் 300டி, 2004இல் நிக்கான் டி70 என்று சாமானியர் வாங்கும் விலைக்கு இறங்கி வந்தபோதும் அதே 1600 தான். அந்த 1600ஐத் தொட்டால் மணல் கொட்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

2007இல் நிக்கான் டி3 வந்தது. சாதாரண எல்லை 6,400, நீட்டினால் 25,600. 12 மெகாபிக்சலே வைத்துக்கொண்டு, பழைய படச்சுருள் சட்ட அளவுக்குச் சென்சாரைப் பெரிதாக்கியிருந்தார்கள். இரவு விளையாட்டுப் போட்டிகளை எடுப்பவர்களுக்கு அது திருவிழா. 2014இல் சோனி ஏ7எஸ் 4,09,600 என்று போட்டது. 2016இல் நிக்கான் டி5 ஒரேயடியாக 32,80,000 என்று எழுதிக்கொண்டது. என் காரின் வேகமானியில்கூட 220 என்று போட்டிருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்று.

ஆனால் எண்ணைக் கிண்டல் செய்துவிட்டு முன்னேற்றத்தை மறைக்கக் கூடாது. உண்மையில் பல வேலைகள் நடந்தன. பழைய சிசிடி சென்சாரில் தோட்டம் முழுவதின் கணக்கும் ஒரே வாசல் வழியாகப் போய் ஒன்றிரண்டு கிராணிகளிடம் அளவாக வேண்டும். அவசரத்தில் பிழை கூடும். பின்னால் வந்த சீமோஸ் சென்சார்களில் நிரைக்கு ஒரு கிராணி என்று சென்சாருக்குள்ளேயே அமர்த்திவிட்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் வேலை, நிதானமான அளவு. முன்பு பத்துச் சொட்டு, அதற்கு மேலும் இருந்த பிழை, இன்று நல்ல கருவிகளில் இரண்டு மூன்றுக்கு வந்துவிட்டது. பழைய படங்களின் நிழலில் கோடு கோடாக வரும் வரிகளும் ஏறக்குறைய ஒழிந்தன. சிதறிய மணலைக் கண் பொறுத்துக்கொள்ளும், வரிசையாக நின்றால் பொறுக்காது. என்னைக் கேட்டால் இதுவே பெரிய முன்னேற்றம்.

மங்கின் வாயும் அகன்றது. இடைவெளியில் விழும் ஒளியை உள்ளே தள்ள ஒவ்வொன்றின்மேலும் குட்டி லென்ஸ் வைத்தார்கள். முன்பு மின்கம்பிகள் வாய்க்கு மேலே குறுக்கே ஓடி ஒளியை மறைத்தன. அவற்றை அடிப்பக்கத்துக்கு மாற்றும் முறையைச் சோனி 2009இல் சிறிய கருவிகளுக்குச் சந்தையில் கொண்டுவந்தது. கைப்பேசிக் கேமராக்கள் இன்று இவ்வளவு நன்றாக எடுப்பதற்கு அது ஒரு காரணம்.

எல்லாம் சரி. கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்க்க வேண்டும். இருபது ஆண்டுக்கு முந்திய சென்சார்கள் தம்மேல் விழுந்த ஒளித்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றை எண்ணின. இன்றையவை பாதிக்கு மேல் எண்ணுகின்றன. நாளைக்கே ஒருவன் சிந்தாமல் சிதறாமல் நூற்றுக்கு நூறும் எண்ணும் சென்சார் செய்தாலும், இன்றையதைவிட இருமடங்குகூடக் கிடைக்காது. மழை அவ்வளவுதான் பெய்கிறது.

அளவில் மட்டும் இன்னும் இடமிருக்கிறது. சட்டைப்பைக்குள் போகும் அந்தக்காலக் கேமராவின் சென்சார் சுமார் 25 சதுர மில்லிமீட்டர். பையன் வைத்திருப்பது போன்ற எஸ்எல்ஆர் கருவியில் சுமார் 370. படச்சுருள் சட்ட அளவு என்றால் 864. சிறிய சென்சாரில் மேலும் மேலும் மெகாபிக்சலைத் திணித்த போட்டிக்காலம் ஒன்று இருந்தது. அந்த நேரத்தில், 2006இல், ஃபுஜிஃபிலிம் எஃப்30 என்ற சிறு கருவி ஆறு மெகாபிக்சலோடு நின்றுகொண்டு ஐஎஸ்ஓ 3,200 வரை கொடுத்தது. இன்றும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு.

பையனின் கணக்கு

படத்தோடு சேர்ந்தே பதிவாகும் விவரங்களைத் திறந்து பார்த்தோம். ஐஎஸ்ஓ 6,400. லென்ஸ் துவாரம் எஃப் 5.6. ஷட்டர் வேகம் 1/500 வினாடி.

"ஏண்டா, தாலி கட்டுறாங்களா, பூப்பந்து ஆடுறாங்களா?"

அன்று காலையில் வேறொரு இடத்தில் சிறுவர் ஓட்டப்பந்தயம் எடுத்திருக்கிறான். வேகத்தை மாற்ற மறந்துவிட்டான். போதாததற்கு மணமேடையின் பின்னால் பளீரென்று எல்இடி விளக்குகள், முன்னால் வெள்ளை வேட்டி. கேமரா அவற்றைப் பார்த்து "வெளிச்சம் நிறைய இருக்கிறது" என்று ஏமாந்து, படத்தை ஒரு படி இருட்டாக்கிவிட்டது. முகங்கள் இன்னும் கறுத்தன. இவன் வீட்டுக்கு வந்து அவற்றைத் தூக்கி வெளிச்சமாக்கினான். நம்மவர்களின் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இந்த அநியாயம் அடிக்கடி நடக்கிறது. பின்னணி வெளிச்சத்துக்கு அளவெடுத்து, முகத்தை மணலில் தள்ளிவிடுவது. முகத்துக்கு அளவெடுங்கள், பின்னால் இருக்கும் விளக்கு வெளுத்தால் வெளுத்துவிட்டுப் போகட்டும்.

தாளில் எழுதிக் காட்டினேன். ஒரு படி இருட்டாகிவிட்டதால் உண்மையில் அந்தப் படத்துக்குத் தேவைப்பட்டது ஐஎஸ்ஓ 12,800. ஷட்டரை 1/500இலிருந்து 1/125க்கு இறக்கியிருந்தால் நான்கு மடங்கு ஒளி. அவனிடம் இருந்தது கருவியோடு சேர்த்துக் கொடுக்கும் சாதாரண ஜூம் லென்ஸ், இழுத்தால் 5.6க்கு மேல் திறக்காது. 1.8 வரை திறக்கும் லென்ஸ் ஒன்று இருந்து, இருவர் முகமும் தெளிவாக விழ அதை 2.8இல் வைத்திருந்தால் இன்னும் நான்கு மடங்கு. நாலு நாலு பதினாறு. 12,800ஐப் பதினாறால் வகுத்தால் 800. பத்து வருடப் பழைய கருவியில் ஐஎஸ்ஓ 800இல் மணல் என்று யாரும் பணத்தைப் பிடித்துவைக்க மாட்டார்கள்.

"அப்ப புதுக் கேமரா வேணாமா?"

அதையும் சோதித்துவிடுவோம் என்று நண்பர் ஒருவரிடம் பெரிய சென்சார் கொண்ட புதுக் கருவியை இரவல் வாங்கி, ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலுக்குப் போனோம். என் அலமாரியில் தூங்கிய 2004ஆம் ஆண்டு ஆறு மெகாபிக்சல் கருவியையும் எடுத்துக்கொண்டேன். ஒரே விளக்குத் தூண், மூன்று கருவியிலும் ஐஎஸ்ஓ 1600, ஒரே துவாரம், ஒரே வேகம். என் கிழட்டுக் கருவிக்கும் அவனுடையதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அவனுடையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கணினித் திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கினால் நிழல் தெளிவாக இருந்தது. அவன் கருவியில் இருமடங்கு, கொஞ்சம் கூடுதலாக ஒளி கிடைத்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஆனால் மூன்றையும் வழக்கமான 4ஆர் அளவில் அச்சடித்துக் கலைத்துப் போட்டபோது, அவனுடையது எது, புதியது எது என்று அவனாலேயே சொல்ல முடியவில்லை. படம் சிறிதாகும்போது பக்கத்துப் பக்கத்து மங்குகளின் கணக்கு ஒன்றாய்க் கலந்து மணல் அடங்கிவிடுகிறது. கல்யாண ஆல்பத்தை யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை.

புதிய கருவியில் என்னை மயக்கியது வேறு. இருட்டில் கண்ணைத் தேடிப் பிடித்துக் குவிக்கும் வேகம், ஓசையே இல்லாத ஷட்டர், கைநடுக்கத்தைத் தாங்குவது. இவற்றுக்காக வாங்கினால் அது நியாயம். மணலுக்காக மட்டும் 11,000 என்றால் லென்ஸ் மலிவு.

அம்மாவின் முகம்

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு.

2006 தைப்பூசம். விடிவதற்கு முன் பத்துமலை ஆற்றங்கரை. அம்மா பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, அந்த 272 படியை ஏறத் தயாராக நின்றார். தூரத்துக் கூடாரத்து விளக்கும் யாரோ ஏற்றிய கற்பூரமும்தான் வெளிச்சம். அந்தப் பழைய கருவியில் ஐஎஸ்ஓ 1600 வைத்து நாலைந்து படம் எடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் மணலோ மணல். வெட்கமாகப் போய்விட்டது. அப்போது ஒரு நண்பர் கொடுத்த மென்பொருளில் போட்டு மணல் முழுவதையும் வழித்து எடுத்தேன். முகம் பளபளவென்று வந்தது. இடம் போதவில்லை என்று 'ரா' கோப்புகளை அழித்துவிட்டு, வழித்த ஜேபெக் படத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அம்மா போய் ஒன்பது ஆண்டு ஆகிறது. அந்தப் படத்தில் அவர் மெழுகுப் பொம்மைபோல் இருக்கிறார். நெற்றிச் சுருக்கம் இல்லை. கன்னத்து மச்சம் இல்லை. திருநீறு வெறும் வெள்ளைப் பூச்சு. மணலையும் திருநீற்றுத் துகளையும் அந்த மென்பொருளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எனக்கும் அன்று அந்தப் புத்தி இல்லை.

'ரா' என்பது கிராணியின் முதல் கணக்கேடு. ஜேபெக் என்பது அதைச் சுருக்கி, அழகாக்கி, மேலதிகாரிக்கு அனுப்பும் அறிக்கை. ஏடு இருந்தால் என்றைக்கும் மறுபடி கணக்குப் போடலாம். 2020க்குப் பிறகு வந்த மென்பொருள்கள், ஆயிரமாயிரம் படங்களைப் பார்த்துப் பழகிய செயற்கை நுண்ணறிவைக்கொண்டு, பழைய 'ரா' கோப்பிலிருந்து நான் கனவிலும் நினைக்காத தெளிவை வரவழைக்கின்றன. அதே கருவியில் அதே ஆண்டு எடுத்த வேறொரு இரவுப் படத்தின் 'ரா' தப்பியிருந்தது. போட்டுப் பார்த்தேன். யாரோ ஒரு காவடிக்காரர், முதுகின் வேர்வைவரை தெரிகிறது. அதைப் பார்த்தபின் இரண்டு நாள் எனக்கு மனசு சரியில்லை.

இந்தப் புது மென்பொருள்களிலும் கை அளவாக இருக்க வேண்டும். கடைசிவரை தள்ளினால், இல்லாததை இருப்பதாக வரையத் தொடங்கும். கண் இமை ஒவ்வொன்றாக நிற்கும், பின்னணிப் பதாகையில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகள் முளைக்கும். முன்னவை அழித்தன, இவை இட்டுக்கட்டுகின்றன. நான் பாதியில் நிறுத்திவிடுகிறேன். கொஞ்சம் மணல் மிஞ்சினால் சரிகை சரிகையாகத் தெரிகிறது.

கைப்பேசிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இரவு முறையில் உங்கள் கைப்பேசி ஒரே படத்தை எடுப்பதில்லை, அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து ஒன்றாய்க் கூட்டிச் சராசரி பார்க்கிறது. ஒன்பது படம் சேர்த்தால் மணல் மூன்றில் ஒன்றாகும், பதினாறு சேர்த்தால் நான்கில் ஒன்று. அதே வர்க்கமூலக் கணக்குதான். அசையாத கோபுரத்துக்கு இது அருமை. காவடி ஆடுகிறவரின் கையை மட்டும் ஒன்று மங்கலாக்கும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் மணலை அப்படியே விட்டுவைக்கும்.

நல்லவேளை, பையன் அன்றைய கல்யாணத்தில் 'ரா'வும் ஜேபெக்கும் சேர்த்தே பதிந்திருந்தான். அட்டையையும் துடைக்கவில்லை. இரண்டு இரவு உட்கார்ந்து முகூர்த்தப் படங்களை மட்டும் மறுபடி செய்தோம். முகத்தை ஒரு படி தூக்கி, மஞ்சளைக் கொஞ்சம் விட்டுவைத்து, மணலைப் பாதி மட்டும் குறைத்தோம். கூந்தலில் இன்னும் பொடிப்பொடியாக இருக்கத்தான் செய்தது. அப்படியே அச்சுக்குக் கொடுத்தான்.

விளம்பரத் தாள் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. எஃப் 1.8 வரை திறக்கும் 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியதாகப் பார்த்து 480 வெள்ளிக்கு வாங்கிக்கொண்டான். புது ஆல்பத்தை எடுத்துக்கொண்டு பெண்ணின் தாயாரைப் பார்க்கப் போனான். அந்த அம்மா மணலைப் பற்றிப் பேசவே இல்லையாம். தாலி கட்டும் படத்தை விளக்கடியில் சாய்த்துப் பிடித்து, "சரிகை தெரியுது" என்றாராம். 900இல் 700ஐக் கையில் கொடுத்தார். பாக்கி 200ஐ, தம்பி பேரனின் காதுகுத்துக்குப் படமெடுக்க வரும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.